மாற்றிய சிறுநீரகத்திலும் பழைய நோய் வருமா?

கேள்வி: புதுச் சிறுநீரகம் என் தம்பியுடையது. என் நோய் அதில் எப்படி வரும்?

பதில்: மாறியது சிறுநீரகம் மட்டும்தான். ரத்தமும் நோய் எதிர்ப்பு மண்டலமும் உங்களுடையவையே. ஐஜிஏ நெஃப்ரோபதி (ஐஜிஏ என்ற எதிர்ப்புப் புரதம் சிறுநீரகத்தில் படியும் நோய்) போல நோயின் வேர் அங்கே இருந்தால், புதுச் சிறுநீரகத்தையும் அது தொடலாம். பரம்பரை நீர்க்கட்டி நோய் திரும்ப வராது.

கேள்வி: சிறுநீரக வடிகட்டிகளில் தழும்பு விழும் எஃப்.எஸ்.ஜி.எஸ். நோயால் என் மகன் டயாலிசிஸில் இருக்கிறான். நான் சிறுநீரகம் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது அம்மா. முதலில் மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். சிறுநீரக வடிகட்டிக்குத் தேவையான போடோசின் என்ற புரதத்தின் மரபணுக் கோளாறுதான் காரணம் என்றால் நோய் திரும்புவது அரிது. ஆனால் அந்தக் கோளாறின் ஒரு பாதி உங்களிடமும் இருக்கக்கூடும். அதனால் தானத்துக்கு முன் உங்களையும் சோதிக்க வேண்டும்.

மரபணுக் காரணம் இல்லாத வகைதான் கவலைக்குரியது. ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது திரும்புகிறது, சிலருக்கு அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே. சிறுநீரில் புரதம் கொட்டத் தொடங்குவதுதான் முதல் அறிகுறி. பழைய சிறுநீரகங்களிலிருந்து இப்போது எவ்வளவு புரதம் போகிறது என்பதை முன்கூட்டியே அளந்து வைத்தால்தான் அப்புறம் குழப்பம் வராது. நோய் திரும்பினால் பிளாஸ்மா (ரத்தத்தின் நீர்ப்பகுதி) மாற்று சிகிச்சை, எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்ஸிமாப் மருந்து ஆகியவற்றால் பலருக்குப் புரதக் கசிவு குறைகிறது, எல்லோருக்கும் இல்லை. இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். தானம் கொடுக்கவே கூடாது என்று நான் சொல்லமாட்டேன்.

கேள்வி: ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2-இலிருந்து 1.7 ஆகிவிட்டது. நோய் திரும்பிவிட்டதா?

பதில்: அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உடல் புதுச் சிறுநீரகத்தை நிராகரிப்பது, நிராகரிப்பைத் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்தின் அளவு கூடுவது, பிகே வைரஸ் தொற்று, சிறுநீர்ப் பாதை அடைப்பு, ஏன், நாலு நாள் வயிற்றுப்போக்குகூடக் காரணமாகலாம். பெரும்பாலும் பயாப்ஸிதான் (சிறுநீரகத் துணுக்கை எடுத்துச் சோதிப்பது) விடை தரும். நாளைக்கே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

கேள்வி: லூபஸ் (எதிர்ப்பு மண்டலம் சொந்த உடலையே தாக்கும் நோய்) உள்ளவர் எப்போது சிறுநீரக மாற்று சிகிச்சை செய்யலாம்?

பதில்: நோய் அடங்கிய பிறகு.

கேள்வி: ஆக்ஸலேட் என்ற உப்பு படிந்தே என் சிறுநீரகங்கள் போயின. கல்லீரலையும் மாற்ற வேண்டும் என்கிறார்களே?

பதில்: முதல்நிலை ஹைப்பராக்ஸலூரியா என்றால் அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆக்ஸலேட்டை அளவுக்கு மீறி உருவாக்குவது கல்லீரல்தான். அதை விட்டுவிட்டுச் சிறுநீரகத்தை மட்டும் மாற்றினால் அதிலும் படியும். அந்த நோயின் முதல் வகை என்று மரபணுப் பரிசோதனையில் உறுதியானால், 2020-இல் அனுமதி பெற்ற லுமாசிரான் ஊசி பற்றியும் கேளுங்கள். கல்லீரலில் ஆக்ஸலேட் உற்பத்தியை அது குறைக்கிறது.