இலாபத்தில் பங்கு கொடுங்கள், பங்காளி ஆக்காதீர்கள்

மல்லாவியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டோடு சேர்ந்த கொட்டிலில் அரிசி மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள் அரைத்து, பொதி செய்து, கிளிநொச்சி, வவுனியாக் கடைகளுக்குக் கொடுக்கிறார். அக்காவின் மகளும் அயலிலுள்ள இரண்டு பெண்களும் மூன்று வருடமாக உடன் நிற்கிறார்கள். இலாபத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு கொடுக்க விரும்புகிறார். மூவரையும் பங்காளியாக்கிப் பத்திரம் எழுதினால் ஊழியர் சேமலாப நிதி (EPF) கட்டத் தேவையில்லை என்று தரகர் ஒருவர் 25,000 ரூபாய் கேட்கிறாராம். செய்யலாமா?

செய்யாதீர்கள் சகோதரி. இலாபத்தில் பங்கு கொடுப்பது வேறு, பங்காளி ஆக்குவது வேறு. பங்காளியானவர் தொழிலுக்கென்று கடைக்காரரிடம் கடன் சொன்னால் அதற்கு மற்றப் பங்காளிகள் எல்லோரும் பொறுப்பு. உங்கள் வீடு வளவு வரை அந்தப் பொறுப்பு வரும். இனி நீங்கள் ஆலைக்கு எடுக்கும் கடன் அந்தப் பிள்ளைகளின் தலையிலும் விழும். ஒருவருக்காக ஒருவர் பிணை நின்று நுண்கடன் எடுத்த பெண்கள் வன்னியில் பட்ட பாட்டை நாம் எல்லோரும் பார்த்தோம். அது போதாதா? பத்திரம் எழுதித் தருகிறவர் இதில் ஒரு சொல்லும் சொல்லமாட்டார். பணத்தை வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவார்.

சம்பளத்தோடு இலாபத்தில் ஒரு பகுதி பெறுவதால் மட்டும் வேலையாள் பங்காளி ஆகிவிடுவதில்லை. சட்டமே அப்படித்தான் சொல்கிறது. ஆகவே தமிழில் ஒரு பக்கக் கடிதம் போதும்: இவர் என்னிடம் சம்பளத்துக்கு வேலை செய்கிறார், அதற்கு மேலாக இலாபத்தில் இவ்வளவு பெறுவார், நட்டத்தில் அவருக்குப் பங்கில்லை. இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு பிரதி வைத்திருங்கள்.

சேமலாப நிதிக்கு வருகிறேன். ஒரேயொரு வேலையாள் இருந்தாலும் அது கட்டாயம். நாட்கூலி, பொதிக்கு இவ்வளவு என்ற கூலி, எல்லாம் அதில் அடங்கும். சம்பளத்தில் வேலையாள் 8 சதவீதம், நீங்கள் 12 சதவீதம், ஊழியர் நம்பிக்கை நிதிக்கு (ETF) நீங்கள் இன்னொரு 3 சதவீதம். குடும்பத்தவர் மட்டும் நடத்தும் தொழிலுக்கு விலக்கு உண்டு. இந்த "மட்டும்" என்ற சொல்லைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். "பெறாமகள்தானே நிற்கிறாள், எங்களுக்கு இது இல்லை" என்று சொல்லிக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் பலர். பெறாமகளோடு அயலவர் இருவரும் வேலை செய்கிறார்களே! வெளியாள் ஒருவர் வந்த அன்றே அது குடும்பத்தவர் மட்டும் நடத்தும் தொழில் அல்ல. பத்திரத்தில் பங்காளி என்று எழுதினாலும், தொழில் திணைக்கள அதிகாரி வந்தால், வேலை நேரத்தைத் தீர்மானிப்பது யார், கூலி கொடுப்பது யார் என்றுதான் கேட்பார். நிலுவையோடு 50 சதவீதம் வரை மேலதிகக் கட்டணமும் உங்கள் மேல் வரும். அன்று கழிக்காத 8 சதவீதத்தைப் பின்னர் பிள்ளைகளிடம் கேட்கவும் முடியாது.

ஒரு படிவத்துக்காக ஒரு நாள் உழைப்பை விட்டு பஸ் ஏற வேண்டும், போனால் அதிகாரி களத்துக்குப் போய்விட்டார் என்பார்கள், வருகிற கடிதமோ சிங்களத்தில் இருக்கும். எத்தனை வருடமாக இதைச் சொல்லிக் களைத்துவிட்டேன்! இந்த அலைச்சல்தான் தரகருக்குச் சோறு போடுகிறது. அப்படியிருந்தும் நீங்களே தொழில் அலுவலகத்துக்குப் போய்ப் பதியுங்கள்.

இனி, எதில் பங்கு? "விற்பனையில் பத்து வீதம்" என்று வாய்தவறியும் சொல்லாதீர்கள். ஒரு போகத்துக்கு, நான்கு மாதத்தில், 16 இலட்சத்துக்கு விற்றீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நெல், மிளகாய், பொதி உறை 9 இலட்சம். மூவருக்கும் ஆகக்குறைந்த சம்பளம் மாதம் 30,000 வீதம், இரண்டு நிதிகளுக்கும் நீங்கள் கட்டுவதோடு 414,000. மின்சாரமும் வாகனக் கூலியும் 66,000. உங்களுக்கும் சம்பளம் உண்டு, அதை மறக்காதீர்கள்: 120,000. எஞ்சுவது ஒரு இலட்சம். விற்பனையில் பத்து வீதம் என்றால் 160,000 கொடுக்க வேண்டும், எங்கிருந்து கொடுப்பீர்கள்? எஞ்சிய இலட்சத்தில் 30 வீதம் என்றால் ஆளுக்கு 10,000. முல்லைத்தீவில் படகுக்காரர் எரிபொருள் செலவைக் கழித்துவிட்டுத்தானே பங்கு பிரிக்கிறார்கள்?

கடைகளில் நிற்கும் கடனையும் இலாபமாக எண்ணவேண்டாம். காசு கைக்கு வந்தபின் பிரித்துக் கொடுங்கள். கணக்குக் கொப்பியை மூவரும் பார்க்க விடுங்கள். ஒளித்தால் நல்லெண்ணமே சண்டையாகிவிடும். இடையில் விலகுகிறவருக்கு வேலை செய்த மாதங்களுக்கான பங்கு என்று கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.

தரகரிடம் அடையாள அட்டைப் பிரதியோ கையெழுத்திட்ட வெற்றுத் தாளோ கொடுத்திருந்தால் இந்தக் கிழமைக்குள் திருப்பி வாங்கிவிடுங்கள். தனியாகப் போகாதீர்கள், யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.