சிலிண்டருக்குள்ள கலவை: கேட்டதுக்கு என்ர பதில்

ரெண்டு நாளா கேள்வி குவிஞ்சு கிடக்குது. காஸ் நிரப்புற பிளான்ட்ல இருபது வருசத்துக்கு மேல நிண்டவன் நான், இப்ப ரிட்டயர் ஆகி உப்புவெளியில இருக்கிறன். தெரிஞ்சதுக்கு மட்டும் பதில். வீட்டு காஸ் விலை என்னட்ட கேக்காதீங்கோ.

கேள்வி (கோணேசபுரி கம்பஸ் தங்கச்சி): எங்கட லாப்ல ஒரு சிலிண்டர், நைதரசனுக்குள்ள 100 பிபிஎம் (பத்து லட்சத்தில 100 பங்கு) காபனோரொட்சைட்டு எண்டு போட்டிருக்கு. அவ்வளவு சின்ன அளவை எப்பிடி அளந்து போடுறீங்க?

பதில்: நல்ல கேள்வி பிள்ளை. நிறுத்துத்தான் போடுறது, தராசுல. வெறும் சிலிண்டரை வெப்பமாக்கி வக்யூம் இழுத்து நிறுப்பம், ஒரு காஸை விட்டு நிறுப்பம், மற்றதை விட்டு திரும்ப நிறுப்பம். வித்தியாசம்தான் கணக்கு. காஸ் கலவை செய்யிறதுக்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 6142 சொல்றதும் இந்த முறைதான். ஆனா 10 லீற்றர் சிலிண்டரை 150 பாருக்கு (பார் எண்டா பிரஷர் அளவு) நிரப்பினா நைதரசன் கிட்டத்தட்ட 1.7 கிலோ, அதில 100 பிபிஎம் எண்டா 0.17 கிராம். சிலிண்டரே பத்துப் பதினைஞ்சு கிலோ வரும், அதுக்கு மேல ஒரு சிட்டிகை சீனி அளவை எந்தத் தராசு சரியாக் காட்டும்? அதால நேர போடமாட்டம். முதல்ல 1 வீதக் கலவை ஒண்டு, அதுக்கு 17 கிராம் காணும். பிறகு அந்தக் கலவையில 17 கிராம் எடுத்து அடுத்த சிலிண்டர்ல விட்டு நைதரசனால நிரப்பினா 100 பிபிஎம். ரெண்டு தரமும் தராசுக்கு 17 கிராம்தான், 10 மில்லிகிராம் பிசகினாலும் பெரிசா ஒண்டும் இல்ல.

இன்னொண்டு, சிலிண்டர் காத்துல மிதக்கிற பொருள்தான், 12 லீற்றர் இடம் பிடிச்சா 14 கிராம் மட்டுல குறைச்சுக் காட்டும், மாரி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் அது மாறும். அதுக்காகப் பக்கத்தில அதே மாதிரி ஒரு வெறும் சிலிண்டரை வச்சு ரெண்டையும் ஒப்பிட்டு நிறுக்கிறது. பெயின்ட் உதிர்ந்தாலும் கணக்குப் பிழைக்கும், உருட்டிக்கொண்டு வாறவனை நான் ஏசுறது அதுக்குத்தான். உங்கட சிலிண்டர் அலுமினியமா எண்டு பாருங்கோ. இரும்பு எண்டா காபனோரொட்சைட்டு இரும்போட சேர்ந்து காபனைல் எண்ட வேற சேர்வை ஆகும், நாள்பட நாள்பட எண் பொய்யாகும்.

கேள்வி: எந்த நிறம் என்ன காஸ்?

பதில்: நிறத்தை நம்பாதீங்க, நாட்டுக்கு நாடு வேற. லேபிளை வாசியுங்கோ.

கேள்வி (நிலாவெளி டைவிங் தம்பி): புறாத்தீவுக்கு வாற வெள்ளைக்காரர் நைட்ரொக்ஸ் (ஒக்சிசன் கூட்டின காத்து) கேக்கினம், நாங்களே கலக்கலாமோ?

பதில்: புறாத்தீவு ஆழமில்ல தம்பி, சாதாரண காத்தே காணும். கணக்குச் சொல்றன்: 32 வீத ஒக்சிசன் கலவை 200 பாருக்கு வேணுமெண்டா முதல்ல 28 பார் ஒக்சிசன், பிறகு காத்தை 200 வரைக்கும். ஆனா நிரப்பேக்க சிலிண்டர் சூடாகும், 55 பாகையில 200 காட்டினது ஆறி 30க்கு வரேக்க 185தான் இருக்கும், அதால மெல்ல நிரப்பி ஆறவிட்டு அனலைசர்ல அளந்தாத்தான் கணக்குச் சரி. 32 வீதத்தோட 33 மீற்றருக்குக் கீழ போகக்கூடாது. எல்லாத்துக்கும் மேல, ஒக்சிசன் வால்வுல தேங்காயெண்ணெய் கிறீஸ் ஒண்டும் படக்கூடாது. இறுகிப்போச்சு எண்டு ஒருத்தர் எண்ணெய் பூசினதை நான் கண்ணால கண்டனான், ஆள் தப்பினது கடவுள் புண்ணியம். ஒழுங்கா பயிற்சி எடுத்த ஆள் இல்லாட்டி கலக்காதீங்க.

கேள்வி (உவர்மலை, வெல்டிங் கடை): அண்ணை, எங்கட ஆகன் சீஓடூ (ஆகனும் காபனீரொட்சைட்டும் கலந்த வெல்டிங் காஸ்) சிலிண்டர் முக்கால்வாசி முடியேக்க ஆர்க் மாறுது, சீஓடூ பாரமெண்டதால அடியில இறங்குது எண்டு சொல்லீனம்.

பதில்: இறங்காது.

அதே ஆள்: நான் பத்து வருசமாப் பாக்கிறன் அண்ணை, இறங்குது!

சரி, இதை விட்டிட்டுப் போகேலாது. பிளேன்டீல சீனி போட்டு கலக்காம விட்டா அடியில இருக்கும், ஒருக்கா கலக்கின பிறகு நாலு நாள் வச்சாலும் திரும்ப அடிக்கு வருமோ? காஸும் அப்பிடித்தான். ஒண்டரை மீற்றர் சிலிண்டர்ல ஆகனையும் சீஓடூவையும் பூமி இழுத்துப் பிரிக்கிறது லட்சத்தில ரெண்டு மூண்டு பங்கு, உங்கட ஆர்க்குக்கு அது தெரியாது. பிரியிற இடம் ஒண்டு இருக்கு, குளிர். வைத்தியசாலையில வலிக்குக் குடுக்கிற நைட்ரஸ் ஒக்சைட்டும் (சிரிப்பு வாயு) ஒக்சிசனும் பாதிக்குப் பாதி கலந்தது −6 பாகைக்குக் கீழ போனா திரவமாப் பிரியும். திருகோணமலையில அந்தக் குளிருக்கு நீங்க ஐஸ் பிளான்ட்டுக்குள்ளதான் போகோணும்.

அதே ஆள்: அப்ப என்ர கண் பொய்யோ?

உங்கட கண் பொய் இல்ல தம்பி, காரணம்தான் பிழை. முதல்ல சீஓடூ விட்டு மேல ஆகன் விட்டா கலக்கும் வரைக்கும் அது அடுக்கடுக்காத்தான் நிக்கும், நாங்க படுக்க வச்சு மெசின்ல உருட்டுவம். உங்களுக்கு நிரப்புறவர் உருட்டுறாரோ எண்டு கேளுங்கோ.

கேள்வி: சீஓடூ ரெகுலேட்டர் எப்பவும் ஒரே மாதிரி காட்டுது, எவ்வளவு மிச்சம்?

பதில்: உள்ள திரவம் இருக்கும் வரைக்கும் பிரஷர் மாறாது, நிறுத்துத்தான் பாக்கோணும். வெயில்ல 31 பாகை தாண்டினா திரவமே இல்லாமப் போகும், பிரஷர் ஏறும், நிழல்ல வையுங்கோ.

கேள்வி: கறுப்புச் சிலிண்டர்ல என்ன காஸ் அண்ணா?

பதில்: மேல பாருங்கோ. லேபிள்.

கேள்வி: திருவிழாவுக்கு பலூன் காஸ் வீட்டில செய்யலாமோ?

பதில்: வேண்டாம். ஐதரசன் பலூன் வெடிக்க ஒரு தீப்பொறி காணும். ஹீலியம் வாங்குங்கோ, அதையும் குரலை மாத்த வாயால இழுக்காதீங்க.

கேள்வி: ஒக்சிசன் வால்வு இறுகினா கொஞ்சமா கிறீஸ்...

பதில்: ஐயோ. இல்ல. கொஞ்சமும் இல்ல. திருப்பிக் குடுத்து வேற எடுங்கோ.

வெல்டிங் கடை (பின்னேரம்): அண்ணை, கேட்டனான். உருட்டுறேல்லையாம்.

அதுதான். மூடி போட்டு இறுக்கிப் படுக்க வச்சு பத்து நிமிசம் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டுங்கோ, நாளைக்கு ஆர்க்கைப் பாருங்கோ. ஆகன் சீஓடூவை மட்டும். பக்கத்தில நிக்கிற அசிட்டிலீனைப் படுக்க வச்சிடாதீங்க!