போன் நம்பரைக் கொடுங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் திருமங்கலம் பக்கம். பெங்களூரில் மென்பொருள் வேலை. நண்பர்கள் சிலர் சேர்ந்து, உசிலம்பட்டி, பேரையூர் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு என்ஜினியரிங், பாலிடெக்னிக் படிக்க உதவித்தொகை கொடுத்துவருகிறோம். முதல் செட் படித்து முடித்துவிட்டது. பெரும்பாலோருக்கு வேலை கிடைக்கவில்லை. ட்ரிபிள் ஈ (மின், மின்னணுப் பொறியியல்) முடித்த ஒரு பெண் மதுரையில் ஜவுளிக்கடையில் பில் போடுகிறாள். மாணவர்களையும் கம்பெனிகளையும் இணைக்க ஒரு செயலி செய்யலாமா, அல்லது ஹெச்.ஆர். ஆட்களை அழைத்து வழிகாட்டி முகாம் நடத்தலாமா? ஆங்கிலம்தான் பெரிய தடை என்று நினைக்கிறேன். தவிர, பிள்ளைகளிடம் முனைப்பு இல்லை. வாட்ஸப் குழுவில் வேலை அறிவிப்பு போட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

செயலி வேண்டாம். ஆங்கிலத்தை இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கடைசி இரண்டு வரிதான் எனக்குக் கோபமூட்டியது.

நீங்கள் குழுவில் என்ன போட்டிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். 'பத்தாம் வகுப்பிலிருந்து 60 சதவீதம், அரியர் இருக்கக் கூடாது, கீழே லிங்க்.' பன்னிரண்டாவதில் 58 எடுத்த பிள்ளை அதைப் பார்த்ததும் போனை மூடி வைத்துவிடும். அத்தனை பேர் இருக்கிற குழுவில், "அண்ணே, எனக்கு ஒரு அரியர் இருக்கு, போடலாமா?" என்று எந்தப் பிள்ளை கேட்கும்? நீங்கள் அந்த வயதில் கேட்டிருப்பீர்களா? முனைப்பு இல்லையாம். பேரையூரிலிருந்து தினம் பஸ் பிடித்து வந்து நாலு வருஷம் படித்த பிள்ளையைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது?

இது கொஞ்ச நாளாகவே என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம். பணம் போதாது என்றாலும் இன்று பணத்துக்கு ஏதோ ஒரு வழி இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சேர்ந்தால் கட்டணத்தை அரசே கட்டுகிறது. 2022-இல் பெண் பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண் திட்டம் வந்தது, 2024-இல் பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது, இரண்டிலும் மாதம் ஆயிரம். தொழில்நுட்பம் படிக்கிற பெண்களுக்குப் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000. அப்புறம் உங்களைப் போன்றவர்கள். ஆனால் படிப்பு முடிந்த மறுநாள் யாரைப் போய்ப் பார்ப்பது? அதற்கு எந்த விண்ணப்பமும் கிடையாது.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களை விசாரித்தார். பெரும்பாலோருக்குத் தகவல் சொன்னது நெருங்கிய சொந்தமோ நண்பனோ இல்லை, எப்போதாவது பார்க்கிற ஆள். யோசித்தால் நியாயம்தான். சொந்தக்காரனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வெளிமாநிலத்து முறுக்குக் கம்பெனிக்குப் போக வேண்டும் என்றால் தெருவுக்கு நாலு பேர் வழி சொல்வார்கள். எந்த ஊர், யார் முதலாளி, எவ்வளவு முன்பணம், எல்லாம் விரல்நுனியில். ட்ரிபிள் ஈ முடித்த பெண்ணுக்கு வழி சொல்ல அந்தத் தெருவில் யார் இருக்கிறார்கள்?

நம் பக்கத்துப் பழைய ஆட்களுக்கு இது தெரிந்திருந்தது. விருதுநகர் நாடார்கள் மகமையும் (வியாபாரத்திலிருந்து பொதுவுக்கு ஒதுக்குகிற பங்கு) வீட்டுக்கு வீடு பிடியரிசியும் சேர்த்து 1889-இல் பள்ளிக்கூடம் கட்டினார்கள். 1910-இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம் படிக்கக் கடன் கொடுத்தது. செட்டிநாட்டுப் பையன்கள் பர்மாவுக்குப் போய் வட்டிக்கடையில் பெட்டியடிப் பையன் என்கிற எடுபிடியாக உட்கார்ந்து, அடுத்தாள் என்கிற உதவியாளாகி, பிறகு தனிக்கடை போட்டார்கள். படிக்க வைத்தவர்களே, இல்லாவிட்டால் அவர்களின் பங்காளிகளே, வேலைக்கும் வழி காட்டினார்கள். இதை ஆகா ஓகோ என்று கொண்டாடச் சொல்லவில்லை. அந்த வாசல் சொந்தச் சாதிக்கு மட்டும்தான் திறந்தது. வாசலே இல்லாத சாதிகளின் பிள்ளைகள்தான் இன்று உங்கள் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சிபாரிசா, சே, தகுதியில் வரட்டும் என்பீர்கள். உங்கள் கம்பெனியில் ஆள் சேர்த்துவிட்டால் ரெஃபரல் போனஸ் உண்டுதானே? இதுவரை யாரை ரெஃபர் செய்தீர்கள்? மச்சினன் மகன், கூடப் படித்தவன், பக்கத்து ஃபிளாட் பையன். அதெல்லாம் தகுதி. பேரையூர்ப் பிள்ளைக்குச் செய்தால் மட்டும் சிபாரிசா?

என் மாமா ஒருவர் அரசரடிப் பக்கம் லேத் பட்டறை வைத்திருந்தார். பாலிடெக்னிக் முடித்த பையன் ஒருவன் ஃபைலோடு வந்து நின்றான். சொந்தமும் இல்லை, நம்மாளும் இல்லை. எதிர் டீக்கடையில் பார்த்த பழக்கம், அவ்வளவுதான். மாமா ஃபைலைத் தொடவில்லை. ஒரு ஷாஃப்ட்டையும் (இரும்புத் தண்டு) வெர்னியர் என்கிற அளவுக் கருவியையும் அவன் பக்கம் தள்ளி, "அளந்து சொல்லுப்பா" என்றார். பையன் வெர்னியரின் தாடைகளை ஷாஃப்ட்டில் இறுக்கிப் பிடித்து 25.3 மில்லிமீட்டர் என்றான். மாமா வாங்கி, பெருவிரலால் பூப்போலத் தள்ளி, மூன்று இடத்தில் வைத்துப் பார்த்தார். 25.42, 25.36, மறுபடி 25.42. "நடுவுல தேஞ்சிருக்கு பாத்தியா? அழுத்துனா அது உனக்குத் தெரியாது." அளவியலில் நல்ல மார்க் வாங்கியவன் அவன். ஆனால் காலேஜ் லேபில் வெர்னியர் அவன் கைக்கு வருவதற்குள் மணி அடித்துவிடுமாம். கொஞ்ச நாள் பட்டறையிலேயே உட்கார்ந்து கிடைத்ததையெல்லாம் அளந்தான். அப்புறம் மாமா கப்பலூரில் பம்பு உதிரிபாகம் செய்கிற ஒருவருக்குப் போன் போட்டார். "ஒரு பையனை அனுப்புறேன். கை இன்னும் முழுசாப் பழகல. ஆனா தெரியாததத் தெரியும்னு சொல்ல மாட்டான். ஏதாச்சும்னா என்னையக் கூப்பிடுங்க."

இதில் கடைசி வாக்கியத்தைத்தான் உங்களிடம் கேட்கிறேன். "ஏதாச்சும்னா என்னையக் கூப்பிடுங்க." எந்தச் செயலியும் இதைச் சொல்லாது. முகாமுக்கு வருகிற ஹெச்.ஆர். சொல்ல மாட்டார். பவர்பாயிண்டில் பாசிட்டிவ் ஆட்டிட்யூட் காட்டுவார், மதியம் பிரியாணி, குரூப் போட்டோ, நாலு மணிக்கு ஃபிளைட். அவர் போன் நம்பரைப் பிள்ளைகளுக்குத் தருவாரா என்று கேட்டுப் பாருங்கள். அதற்கு முன்னால், நீங்கள் தந்திருக்கிறீர்களா? குழு அட்மின் நம்பரைச் சொல்லவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு பிள்ளை கூப்பிட்டால் எடுக்கிற நம்பர்.

நண்பர்கள் ஆளுக்கு இரண்டு பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், ஊர், எந்தப் பாடத்தில் அரியர், அப்பா சென்னைக்கு அனுப்புவாரா மாட்டாரா, எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்த ஆட்களிடம் பெயர் சொல்லி அனுப்புங்கள். நிரந்தர வேலை உடனே அமையாவிட்டால், உதவித்தொகையோடு தொழில் பழகுகிற அப்ரண்டிஸ் பயிற்சி இருக்கிறது. 1961-இலேயே போட்ட சட்டம். 2019-இல் திருத்திய விதி பட்டதாரிக்குக் குறைந்தது மாதம் 9,000, டிப்ளமோவுக்கு 8,000 என்று வைத்தது. கிண்டலடிக்காதீர்கள், ஒரு வருஷம் மெஷின் பக்கத்தில் நிற்கலாம்.

செயலிக்கு என்று ஏதாவது ஒதுக்கியிருந்தால் அதைச் சென்னையில் ஹாஸ்டல் அட்வான்ஸ் கட்ட வைத்துக்கொள்ளுங்கள். வேலைக்கான ஆர்டர் கையில் வந்தும், முதல் சம்பளம் வருகிற வரை சாப்பிடக் காசில்லாமல் ஊரிலேயே நின்றுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

முகாம் நடத்தியே தீர வேண்டும் என்றால் நடத்துங்கள், நான் தடுக்கவில்லை. பேச என்னைக் கூப்பிடாதீர்கள்.

அந்த ஜவுளிக்கடைப் பெண்ணிடம் கேட்டுவிட்டு பயோடேட்டாவை எனக்கு அனுப்புங்கள். மதுரையில் கண்ட்ரோல் பேனல் செய்கிற ஒருவரைத் தெரியும், டெஸ்டிங்குக்கு ஆள் வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். வயரிங் டயகிராம் படிக்க வருமா, ஷிஃப்ட்டுக்கு வீட்டில் விடுவார்களா, இரண்டையும் அவளிடமே விசாரித்து எழுதுங்கள். உங்கள் குழுவில் போட்டு விசாரிக்க வேண்டாம்.