திருப்பி அனுப்பிய கவர்

கேள்வி: எனக்கு வயது 43. மனைவி, இரண்டு பிள்ளைகள். வேலை போய் எட்டு மாதம் ஆகிறது. தினமும் விடியற்காலையில் எழுந்து ஜெபிக்கிறேன், வாரம் ஒரு நாள் உபவாசம், வேலைக்கும் விண்ணப்பித்துக்கொண்டுதான் இருக்கிறேன். கையிருப்பு தீர்ந்துபோய், இரண்டு மாதமாக கிரெடிட் கார்டிலும் வட்டிக்கு வாங்கியதிலும் வீடு ஓடுகிறது. ஜார்ஜ் முல்லரைப் போல மனுஷரிடம் கேட்காமல் தேவனிடம் மட்டும் கேட்பது என்று தீர்மானித்திருக்கிறேன். நடுவில் என் அண்ணன் (சொத்து விஷயத்தில் எங்களுக்குள் நாலு வருஷமாகப் பேச்சு இல்லை, சபைப் பக்கமும் வராதவர்) அண்ணியிடம் ஒரு கவரில் பணம் கொடுத்தனுப்பினார். கர்த்தர் எங்களைப் பார்த்துக்கொள்வார் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். மனைவிதான் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை, அவளுக்கு விசுவாசம் கொஞ்சம் குறைவு. தேவன் ஏன் இன்னும் மௌனமாக இருக்கிறார்?

பதில்: அந்தக் கவர் எப்போது வந்தது, தம்பி? தேதி எழுதவில்லை. எட்டு மாதக் கதையில் உபவாசத்துக்கு ஒரு வரி, ஜெபத்துக்கு ஒரு வரி, முல்லருக்கு ஒரு வரி கொடுத்துவிட்டு, வாசலில் வந்து நின்ற அண்ணியை 'நடுவில்' என்று ஒரே வார்த்தையில் தாண்டிப் போய்விட்டீர்கள். நான் அந்த இடத்தைத் தாண்டப் போவதில்லை. தேவன் மௌனமாக இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் மௌனமாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் கேட்டது வீட்டு வாசல் வரைக்கும் வந்தது, கொண்டுவந்த ஆளைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள்.

இதே மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. எழுதுகிற ஊரும் வேலையும்தான் மாறும். 'தேவன் தருவார்' என்பார்கள், ஆனால் யார் கையால் தரவேண்டும் என்பதை மனசுக்குள் முன்கூட்டியே முடிவுசெய்து வைத்திருப்பார்கள். பஞ்ச காலத்தில் தீர்க்கதரிசி எலியாவுக்கு அப்பமும் இறைச்சியும் கொண்டுவந்தது காகம். லேவியராகமம் 11-ஐ எடுத்துப் பாருங்கள், அசுத்தமான பறவைகள் பட்டியலில் காகமும் இருக்கிறது. அவர் ஒளிந்திருந்த கேரீத் ஆறு வற்றின பிறகு அவரை அனுப்பினது எங்கே? ஒரு பணக்கார விசுவாசியின் வீட்டுக்கா? சீதோன் நாட்டில், கடைசிப் பிடி மாவைச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு மகனோடு செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு விதவையிடம். எலியா அவளிடம் வாய் திறந்து கேட்டார். தீர்க்கதரிசிக்கு அது கௌரவக் குறைச்சலாகப் படவில்லை.

முல்லரை இழுத்திருக்கிறீர்கள், அதனால் அவரைப் பற்றியும் பேசிவிடுவோம். இங்கிலாந்தில், பிரிஸ்டலில் 1836-ல் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் தொடங்கினார், 1870 வாக்கில் ஐந்து பெரிய கட்டடங்களில் இரண்டாயிரம் பிள்ளைகளுக்கு இடம் இருந்தது. மனுஷரிடம் பணம் கேட்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் கடன் வாங்கவும் மாட்டார், அதை வேத விரோதம் என்றே நம்பினார். வந்த காணிக்கை எவ்வளவு சின்னதானாலும் கணக்கில் எழுதினார். கையில் காசு இல்லாத நாட்களில் தன்னோடு வேலை செய்தவர்களிடம் நிலைமையைச் சொல்லி அவர்களோடு சேர்ந்து ஜெபித்தார். சம்பளம் வேண்டாம் என்று முதலில் முடிவெடுத்தபோது அவருடைய மனைவியும் அதற்கு ஒத்துக்கொண்டிருந்தார். இதில் எது உங்கள் வீட்டில் நடக்கிறது? கடன் வாங்குகிறீர்கள், மனைவியைக் கேட்காமல் கவரைத் திருப்புகிறீர்கள், 'மனுஷரிடம் கேட்கமாட்டேன்' என்கிற அந்த ஒன்றை மட்டும் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டீர்கள்.

இன்னொன்று. முகம் தெரியாத ஒருவனிடம் வட்டிக்கு வாங்க உங்களுக்குக் கூசவில்லை. கூடப் பிறந்தவன் வட்டியில்லாமல், திருப்பிக் கேட்காமல் கொடுத்தது மட்டும் கசக்கிறது. இது விசுவாசம் என்றால் அந்த வட்டிக்காரனிடம் போனபோது அது எங்கே இருந்தது? ரோஷம் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன். சொத்துத் தகராறில் நீங்கள் ஏமாற்றப்பட்டிருக்கலாம், அந்த வலியும் நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதற்குக் கர்த்தரின் பெயரைப் போர்த்தாதீர்கள்.

ஏசாவை நினைத்துப் பாருங்கள். மூத்த மகனுக்குரிய சேஷ்டபுத்திர பாகமும் போய், அப்பாவின் ஆசீர்வாதமும் போய், தம்பி யாக்கோபால் இரண்டு தடவை ஏமாற்றப்பட்டவர். இருபது வருஷம் கழித்து யாக்கோபு ஆடு மாடு ஒட்டகம் என்று மந்தை மந்தையாக முன்னால் அனுப்பிவிட்டு வந்து நிற்கிறார். ஏசா முதலில் என்ன சொன்னார்? எனக்குப் போதுமானது இருக்கிறது, உன்னுடையதை நீயே வைத்துக்கொள் என்றார். ஏறக்குறைய நீங்கள் சொன்னதுதான். ஆனால் அவருக்கு உண்மையிலேயே போதுமானது இருந்தது, 400 ஆட்களோடு வந்தவர். உங்களுக்கு இல்லை. அப்படி இருந்தும் தம்பி வருந்திக் கேட்டபோது அவர் வாங்கிக்கொண்டார், ஆதியாகமம் 33-ல் அப்படியே இருக்கிறது. ஏமாற்றினவன் கையிலிருந்து ஏமாந்தவன் வாங்கினான். நாலு வருஷம் பேசாத உங்கள் அண்ணன், வீட்டில் உட்கார்ந்து அந்தக் கவரை ஒட்டி, தானே வந்தால் நீங்கள் கதவைச் சாத்துவீர்களோ என்று பயந்து மனைவியை அனுப்பியிருக்கிறார். சபைக்கு வராத மனுஷர் என்கிறீர்கள். அவருக்கு உங்கள் வாயிலிருந்து கிடைத்த பிரசங்கம் 'கர்த்தர் பார்த்துக்கொள்வார், உன் பணம் வேண்டாம்' என்பது. அந்தக் கர்த்தரைப் பற்றி அவர் என்ன நினைத்துக்கொண்டு படுத்திருப்பார் என்று ஒரு ராத்திரியாவது யோசித்தீர்களா?

என் அம்மாவின் பைபிளில் கடைசி வெற்றுப் பக்கத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் இருக்கிறது. அப்பா படுத்த படுக்கையாக இருந்த வருஷம் எழுதினது. மேலே 'கர்த்தர் தந்தது' என்று தலைப்பு, கீழே முழுக்க மனுஷர் பெயர்கள். பக்கத்து வீட்டுக்காரர், சபையில் இரண்டு பேர், பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், ஏழாவது வரியில் அத்தை. அந்த அத்தைக்கும் அம்மாவுக்கும் ஜென்மத்துக்கும் ஒத்துவராது, வீட்டுக்கு வந்தால் அம்மா எழுந்து உள்ளே போய்விடுவார். ஆனால் அவர் பெயரையும் அதே தலைப்பின் கீழ்தான், அதே எழுத்தில், எழுதியிருக்கிறார். திருப்பிக் கொடுத்தவற்றுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு டிக். அத்தையின் வரியில் டிக் இல்லை, அது கடனாகக் கொடுத்தது இல்லை. அம்மா அதை வாங்கினபோது கை நடுங்கினது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. வாங்கினார். நாங்கள் சாப்பிட்டோம்.

சரி, உங்கள் மனைவிக்கு வருவோம். 'விசுவாசம் கொஞ்சம் குறைவு' என்று எழுதின வரியைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது, மறைக்கவில்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்பது அவருக்குத்தான் தெரியும், பிள்ளைகள் முன்னால் தட்டு வைப்பது அவர்தான், அந்தக் கவர் வந்தபோது அவர் மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கக்கூடும். வந்ததை வந்த இடத்தில் அடையாளம் கண்டுகொண்டவர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தான் என்று நான் நினைக்கிறேன். தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதினது யாரோ குடிகாரனுக்கு என்று நாம் எல்லோரும் வாசித்துவிட்டுப் போகிறோம். ஜெபிக்கிற அப்பாவுக்கும் அது பொருந்தும். உங்கள் ரோஷத்துக்கு நீங்கள் உபவாசம் இருக்கலாம், பிள்ளைகளை இருக்கவைக்க உங்களுக்கு உரிமை இல்லை. கர்த்தருடைய ஜெபத்தில் 'எனக்கு வேண்டிய ஆகாரம்' என்று இல்லையே, 'எங்களுக்கு' என்றுதானே தினமும் சொல்லுகிறீர்கள்? அந்த 'எங்களுக்கு' என்பதில் மனைவியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அண்ணனும் இருக்கிறார்.

அடுத்த மாதமே வேலை கிடைத்துவிடும் என்றெல்லாம் நான் எழுதமாட்டேன். படிப்புக்குக் குறைந்த வேலை வந்தாலும் போங்கள், பவுல் கூடாரம் தைத்தார். சபையில் மூப்பரிடம் நிலைமையைச் சொல்லுங்கள். எருசலேம் சபை, பந்தி விசாரிப்புக்கென்றே, அதாவது இல்லாதவர்களுக்குச் சாப்பாடு பங்கிடுவதற்கென்றே, ஏழு பேரை நியமித்தது, குறைவு இருப்பதைச் சபையில் சொல்வது அந்தக் காலத்திலும் வெட்கமாக இருந்ததில்லை. வட்டிக் கடன் எவ்வளவு, யாரிடம், எப்போது கட்டவேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதி மனைவியிடம் கொடுங்கள், ஒன்றையும் விடாமல்.

பலிபீடத்துக்குக் காணிக்கை கொண்டுவந்த இடத்தில் சகோதரனுக்கு உன்மேல் குறை இருப்பது ஞாபகம் வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று இயேசு சொன்னார். நாளை விடியற்காலை ஜெபத்தை நிறுத்தச் சொல்லவில்லை. ஆனால் அது முடிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்யுங்கள். சொத்துப் பேச்சை அதில் கலக்காதீர்கள், அது தனி, அதற்கு வேறொரு நாள் வரும். 'அண்ணா, அன்றைக்கு நான் திருப்பி அனுப்பினது தப்பு, எங்களுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது' என்று சொன்னால் போதும். அண்ணி எடுத்தால் முதலில் அவரிடம் மன்னிப்புக் கேளுங்கள், கவரோடு வாசலிலிருந்து திரும்பி நடந்தது அவர்தான். பேசும்போது மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள், அவர் காதால் கேட்கட்டும்.