நோட்டீஸில் இரவு 8 மணி, பாட்டி சொன்னது அந்திப் பொழுது

வணக்கம். ஜப்பான்காரன் காலம், அதாவது போரின்போது ஜப்பானியர் சிங்கப்பூரை ஆண்ட காலம் பற்றிய நூல்களைக் குறித்து நீங்கள் எழுதியதைப் படித்தேன். என் தாத்தா சிங்கப்பூரில் ஸ்திரீபார்ட் போட்டவர், அதாவது நாடகத்தில் பெண் வேடம் கட்டியவர். அவர் பெயர் எந்த நூலிலும் இல்லை. மிஞ்சியது ஒரு நாடக நோட்டீஸ்தான். அதில் '2603, இரவு 8 மணி' என்றிருக்கிறது. பாட்டியோ, பொழுது இருக்கும்போதே திரை தூக்கிவிடுவார்கள் என்று சொல்வாராம். யார் சொல்வது சரி?
வாசகி, ஈசூன்

அன்புள்ள வாசகிக்கு,

இரண்டும் சரி. ஜப்பானியர் பிடித்துப் பெயர் மாற்றி, சிங்கப்பூர் 'சியோனான்' ஆனதும் கடிகாரங்களை ஒன்றரை மணி நேரம் முன்னே தள்ளித் தோக்கியோ நேரத்துக்கு வைத்தார்கள். நோட்டீஸின் 8 மணி, பழைய கணக்கில் மாலை 6.30. இங்கே பொழுது சாயும் வேளை. பாட்டி வானத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்.

2603 ஜப்பானிய ஆண்டு. 660ஐக் கழித்தால் 1943. வேறு தாளில் வெறும் 18 என்றிருந்தால் அது ஷோவா ஆண்டு, அன்றைய ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியாண்டுக் கணக்கு. 1925ஐக் கூட்டுங்கள்.

அது நேதாஜி வந்திறங்கிய ஆண்டு. அக்டோபர் 21 அன்று கேத்தே திரையரங்கில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். போர்க்கால நூல்கள் அந்த மேடையை விட்டுவிடுவதில்லை. படைப்பிரிவு, பதவி என்று வரிசைப்படுத்தும் நூலில் ஸ்திரீபார்ட்டுக்கு எங்கே இடம்? இது எனக்குத் தீராத வருத்தம். தாத்தாவின் நாடகமும் ஏதாவது நிதிக்காக நடந்திருக்கலாம். நோட்டீஸின் அடியில், வசூல் எந்த நிதிக்கு என்று பொடி எழுத்தில் இருக்கிறதா பாருங்கள்.

1935இல் தொடங்கிய தமிழ் முரசு, ஆக்கிரமிப்பின்போது நின்றுபோனது. எனவே போருக்கு முந்திய, பிந்திய இதழ்களின் நாடக விளம்பரங்களைத் தேசிய நூலகத்தின் இணைய நாளிதழ்த் தொகுப்பில் புரட்டுங்கள். பெயரை மட்டும் நம்பித் தேடினால் ஏமாறுவீர்கள். சுப்பிரமணியம், சுப்ரமண்யம், சுப்பிரமணியன் மூவரும் ஒரே ஆளாக இருக்கலாம். பழைய அச்சில் துதிக்கை போல் வளைந்த கொம்போடு வரும் னை, லை வேறு குழப்பும். 'ஸ்திரீபார்ட்', 'ஸ்பெஷல் நாடகம்' என்று தேடிப் பாருங்கள்.

தேசிய ஆவணக்காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பேட்டிகளில் ஆக்கிரமிப்புக் காலத்துக்கென்றே ஒரு தொகுப்பு உண்டு. பட்டியலில் பேட்டி கொடுத்தவர் பெயர்தான் முன்னே நிற்கும். தாத்தா அடுத்த வீட்டுக்காரரின் பேச்சில் வந்துபோயிருக்கலாம். அதனால் ஒவ்வொரு பேட்டியின் சுருக்கத்திலும் தெருப் பெயரையும் நாடகத்தையும் தேடுங்கள்.

நோட்டீஸை லேமினேட் செய்யவே வேண்டாம். சூட்டில் உருகிய பசையைப் பிறகு பிரிக்க முடியாது. மடிப்பு கிழிந்திருந்தாலும் செலோடேப் கூடாது, பழுப்பேறி எழுத்தைக் கறைப்படுத்தும். பின்பக்கத்தையும் ஸ்கேன் எடுங்கள். காகிதப் பஞ்ச காலம், அங்கே பென்சில் கணக்கு ஏதும் இருக்கலாம். பாட்டி சொன்னதை அம்மாவிடம் கேட்டு, வாய்மொழி மாறாமல் தனித்தாளில் எழுதி அதே உறையில் வையுங்கள்.

அன்புடன்