நீ பேசல, ஒப்பிக்கிற

வாசகர் கடிதம்

வணக்கம் அண்ணா,

நான் ராணிப்பேட்டை சிப்காட்ல ஒரு சின்ன பட்டறையில லேத் ஓட்டுறேன். வயசு 36, இந்த வேலைக்கு வந்து 17 வருஷம் ஆச்சு. கல்யாணம் ஆயிடுச்சு, ஒரு பொண்ணு, ஏழாவது படிக்கிறா. தை மாசத்துல இருந்து ஞாயித்துக்கிழமை ஆனா வாலாஜாவுல ஒரு நாடகக் குழுவுக்கு போய்க்கினு இருக்கேன். எல்லாரும் வேலைக்கு போறவங்க தான், ஒருத்தர் டெய்லர், ஒருத்தர் பேங்க்ல ரிடையர் ஆனவர், ஒருத்தர் ஆட்டோ ஓட்டுறார். ஊர் திருவிழாவுக்கு ராத்திரி நாடகம் போடுறோம், எனக்கு பொண்ணை கட்டிக்குடுத்துட்டு கடன்ல மாட்டிக்கிற அப்பா வேஷம்.

வசனம் மொத்தமும் மனப்பாடம். ஆனா டைரக்டர் மூணு வாரமா ‘நீ பேசல, ஒப்பிக்கிற’ன்னு சொல்லிக்கினே இருக்காரு. கண்ணாடி முன்னாடி நல்லா வருது, ஒத்திகையில வரமாட்டேங்குது. பட்டறை சத்தத்துல கத்தி கத்தி தொண்டை வேற கட்டிக்குது. சொந்தக்காரங்க ‘இந்த வயசுல கூத்தாடி ஆகப்போறியா’ன்னு கேக்குறாங்க. வீட்ல அவ ஒன்னும் சொல்லல, ஆனா ஞாயித்துக்கிழமை ஆனா மொகம் வாடிப்போகுது. வேஷத்துக்காக முடியும் தாடியும் வளக்கலாம்னு இருக்கேன். ஒருத்தர் 15,000 ரூபா கட்டு, ட்ரெயினிங் குடுத்து சினிமாவுல சேத்துவுடுறேன்னு சொல்றாரு. எனக்கு சினிமா ஆசை இல்ல அண்ணா. மேடையில நிக்கணும், அவ்ளோ தான். தொழிலையும் விட முடியாது. ரெண்டும் ஒத்துவருமா? (பேர் போட வேண்டாம்.)

பதில்

தம்பி,

மொதல்ல முடி. கடிதத்துல மத்ததெல்லாம் அப்பறம் தான், அந்த ஒரு வரிய படிச்சதும் எனக்கு பக்குனு ஆயிடுச்சு. லேத் முன்னாடி குனிஞ்சு நிக்கிறவர் தலைமுடியும் தாடியும் தொங்கவிடக் கூடாது, இது நான் சொல்லி உங்களுக்கு தெரியணும்னு இல்ல, இரும்பை புடிச்சுக்கினு சுத்துற சக்குல கையுறை நூலு மாட்டினாலே ஆளை இழுத்துடும்னு வேலைக்கு சேந்த மொத வாரத்துலயே உங்களுக்கு யாராவது சொல்லியிருப்பாங்க. வேஷ ஆசையில அதை மறந்துடாதீங்க. டோப்பா இருக்கு, ஒட்டுத்தாடி இருக்கு, மேக்கப் போடுறவர் பாத்துக்குவார். கிராப்பு வெட்டிக்கினே இருங்க.

அந்த 15,000 ரூபா விஷயத்துக்கு ஒரு வரி போதும், குடுக்காதீங்க. சான்ஸ் குடுக்கிறவன் காசு கேக்க மாட்டான்.

இப்போ ஒப்பிக்கிற விஷயத்துக்கு வரேன், இதுல தான் எனக்கு சொல்ல நெறைய இருக்கு, ஏன்னா நானும் ஒப்பிச்சவன் தான்.

90கள்ல ஊர் ஊரா எழுத்தறிவு குடுக்க அறிவொளி இயக்கம் நடந்தப்போ கலைக்குழுவுல சேந்து தான் நான் மொத மொத நாலு பேர் முன்னாடி நின்னேன். அப்போ வேலூர்ல ஒரு ப்ரெஸ்ல கம்பாசிட்டர். ஈய எழுத்தை கேஸ்ல இருந்து ஒவ்வொன்னா பொறுக்கி ஸ்டிக்ல கோக்கணும், எழுத்து எல்லாம் இடம் வலம் மாறி இருக்கும், கல்யாணப் பத்திரிகை, கருமாதி பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், எது வந்தாலும் கைக்கு ஒன்னு தான். அர்த்தத்துல மனசு போச்சுன்னா எழுத்து தப்பும், அதனால அர்த்தத்தை உள்ள வுடாம கோக்குறதே பழக்கமாயிடுச்சு. அந்தப் பழக்கத்தோட தான் வசனத்தையும் மனப்பாடம் பண்ணேன். ஒரு எழுத்து தப்பாது. எல்லாரும் பாராட்டினாங்க, எனக்கும் பெருமையா இருந்துச்சு.

பேரணாம்பட்டு பக்கம் ஒரு கிராமத்துல போட்டோம். எனக்கு மகன் வேஷம், அம்மாவா நடிச்சவங்க ஒரு டீச்சர், நல்லா நடிப்பாங்க. அன்னைக்கு ஏதோ பதட்டத்துல ஒரு பக்கம் தாண்டிட்டாங்க, கடைசியில சொல்ல வேண்டிய ‘உங்கப்பா போயிட்டாருடா’ங்கிறதை முன்னாடியே சொல்லிட்டாங்க, சொல்லி நிஜமாவே அழுதாங்க. எனக்கு அது காதுலயே வுழல. அவங்க வாய் நின்னுச்சு, என் மொறை வந்துச்சு, ‘அப்பா எப்பம்மா வருவாரு’ன்னு கோத்து வெச்சிருந்ததை அப்படியே சொல்லிட்டேன். கூட்டம் கொல்லுனு சிரிச்சிடுச்சு. அழுத கண்ணோட அவங்க என்னை திரும்பிப் பாத்தாங்க பாருங்க, அந்தப் பார்வை 30 வருஷம் ஆகியும் என்னை வுட்டுப் போகல. அவ்ளோ ஒசந்த ஒரு எடத்துல அந்தம்மா நின்னாங்க, பக்கத்துலயே நின்னுக்கினு நான் கேக்கல.

உங்க டைரக்டர் சொல்றது இதைத் தான்னு நினைக்கிறேன். உங்க வசனம் தப்பில்ல, உங்க குரலும் தப்பில்ல, எதிர்ல இருக்கிறவர் பேசும்போது நீங்க உங்க அடுத்த வரிய மனசுல ஓட்டிக்கினு இருக்கீங்க. கண்ணாடி முன்னாடி நல்லா வர்றதுக்கும் காரணம் அதான், அங்க கேக்குறதுக்கு வேற ஆளே இல்ல. இன்னையில இருந்து கண்ணாடிய வுட்டுடுங்க.

எனக்கு என் தொழில் இதுல குறுக்க நின்னுச்சு. உங்க தொழில் அப்படி இல்ல தம்பி, அதை நினைச்சா எனக்கு உங்க மேல பொறாமையாவே இருக்கு. ஜாப், அதான் கடையுற இரும்பு, ஓடும்போது கண்ணு மட்டுமா வேலை செய்யுது? டூல் மழுங்க ஆரம்பிச்சா சத்தம் மாறும், ஜாப் அதிர்ந்தா கீச்சுனு ஒரு சத்தம் வரும், அது வந்த நிமிஷமே உங்க கை ஃபீடை, டூல் நகர்ற வேகத்தை, குறைக்குது, யோசிச்சா குறைக்கிறீங்க? பக்கத்து மிஷின்ல ஒருத்தன் கட்டிங் ஆழமா வெச்சுட்டான்னா அவன் மொகத்தை பாக்காமலே உங்களுக்கு தெரியுதில்ல? அது தான். அந்தக் காதை ஞாயித்துக்கிழமை பட்டறையிலயே வெச்சுட்டு வாலாஜாவுக்கு போறீங்க. அதையும் கூட கூட்டிக்கினு போங்க.

எப்படின்னா, ஒரு நோட்டு வாங்கி உங்க சீன்ல மத்தவங்க பேசுற வசனத்தை மட்டும் உங்க கையால எழுதுங்க, உங்க வசனத்துக்கு வெறும் கோடு போட்டுட்டு வுட்டுடுங்க. ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் அதை உங்க பொண்ணு கையில குடுத்து படிக்க சொல்லுங்க, ஒரு தடவை கோவமா படிக்கட்டும், ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை நடுவுல நிறுத்தி நிறுத்தி, வேணும்னே ஒரு வரி வுட்டுட்டு கூட படிக்கட்டும். அவ எப்படி கேக்குறாளோ அதுக்கு தான் பதில் சொல்லணும், நேத்து சொன்ன மாதிரி சொல்லக் கூடாது. மொத நாலு நாள் தடுமாறும், மனப்பாடம் பண்ணதெல்லாம் மறந்துட்ட மாதிரி இருக்கும், பயப்படாதீங்க. அப்பறம் ஒரு நாள் அவ கேக்குற விதத்துல உங்களுக்கு தொண்டை அடைக்கும், நடிக்காமலே அடைக்கும். கட்டிக்குடுத்த பொண்ணோட அப்பா தானே உங்க வேஷம்.

தெருக்கூத்துல இதை எல்லாம் யாரும் பாடமா நடத்தினது இல்ல, ஆனா கேக்காம அங்க நிக்கவே முடியாது. நடிகர் பாடினதும் பின்பாட்டுக்காரங்க வாங்கிப் பாடுவாங்க, முகவீணைங்கிற சின்ன நாயனம் கூடவே வரும், கோமாளியா வர்ற கட்டியங்காரன் நடுவுல பூந்து அன்னைக்கு ஊர்ல நடந்ததை வெச்சு ஒரு கேள்வி கேப்பான், ராஜா வேஷம் கட்டினவர் அதுக்கு அந்த நிமிஷமே பதில் சொல்லணும், எந்த ஏட்டுலயும் அது இருக்காது.

சொந்தக்காரங்க ‘கூத்தாடி’ன்னு சொன்னதுக்கும் இங்கயே சொல்லிடுறேன். நம்ம ஜில்லாவுல அந்த வார்த்தைய திட்டா சொல்றாங்கன்னா அவங்களுக்கு நம்ம ஊரே தெரியலன்னு அர்த்தம். வட ஆற்காட்டை 1989ல ரெண்டாப் பிரிச்சாங்க, அதுக்கு முன்னாடி செய்யாறு பக்கத்து புரிசையும் நம்ம ஜில்லா தான், கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் பொறந்த ஊரு, அவருக்கு சங்கீத நாடக அகாதெமி விருது கிடைச்சுது, அந்தக் குடும்பம் தலைமுறை தலைமுறையா கூத்து ஆடுது. அவங்களை வுடுங்க, பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் திரௌபதி அம்மன் கோயில் கோயிலா வேஷம் கட்டின மத்தவங்க எல்லாம் யாரு? மத்த மாசத்துல ஏர் ஓட்டினவங்க, தறி நெய்ஞ்சவங்க, செங்கல் சூளைக்கு போனவங்க.

நான் சின்னப் பையனா இருக்கும்போது பாரதக் கூத்துல கடைசி ராத்திரி ஆடுற பதினெட்டாம் போர் பாத்துட்டு, காலையில துரியோதனன் சாகுற படுகளச் சடங்கும் முடிஞ்சப்பறம் டீக்கடைக்கு போனேன். தரையில மண்ணுல செஞ்ச அம்மாம் பெரிய துரியோதனன் அங்க கெடக்குது, ராத்திரி முழுக்க துரியோதனனா கர்ஜிச்ச ஆளு இங்க பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சுக்கினு இருக்காரு. தேங்கா எண்ணெய் தொட்டு அரிதாரத்தை தொடைச்சிருந்தார், ஆனா காது மடல் பின்னாடியும் கழுத்து மடிப்புலயும் செவப்பு அப்படியே இருந்துச்சு. காலு ரெண்டும் சலங்கை கட்டின தழும்போட வீங்கி இருந்துச்சு. கடைக்காரர் காசு வாங்கல. அவர் சைக்கிளை எடுத்துக்கினு, தண்ணி பாய்ச்சணும்னு சொல்லிட்டு போனார். அவரை கூத்தாடின்னு அன்னைக்கு யாராவது கேவலமா சொல்லியிருந்தா அந்த டீக்கடையில சும்மா வுட்டிருக்க மாட்டாங்க.

படிச்சவங்க பக்கமும் இதே கதை தான். 1891ல பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில சுகுண விலாச சபா ஆரம்பிச்சப்போ காசுக்காக நடிக்கிறதில்லன்னு தான் ஆரம்பிச்சார், அப்பறம் வக்கீலா இருந்தார், ஜட்ஜா கூட ஆனார், நாடகத்தை வுடல. தீரர் சத்தியமூர்த்தி கூட அந்த சபாவுல வேஷம் போட்டவர். அமெச்சூர்னா சம்பளம் இல்லாதவன், அவ்ளோ தான் அர்த்தம், ஒத்திகைக்கு லேட்டா வர்றவன்னு அர்த்தம் இல்ல. எத்தனையோ குழு கலைஞ்சு போனதை நான் கூட இருந்து பாத்திருக்கேன், நடிக்கத் தெரியாம கலைஞ்சது ஒன்னு கூட இல்ல, இன்னைக்கு ஒருத்தர் வரல, அடுத்த வாரம் இன்னொருத்தர் வரல, அப்படியே தான் போச்சு. கஸ்டமருக்கு ஜாப் சொன்ன தேதியில குடுக்குற மாதிரி ஒத்திகைக்கு போங்க. முடியாதுன்னா முன்னாடியே சொல்லிடுங்க.

தொண்டை விஷயம். பட்டறையில மிஷின் சத்தத்தை மீறி கத்துறது தொண்டையில இருந்து வருது, நரம்பு பொடைக்குது, அதே பழக்கத்துல மேடையிலயும் கத்துறீங்க. முடிஞ்ச வரைக்கும் பட்டறையில கை ஜாடையில பேசுங்க, இல்லனா கிட்ட போய் பேசுங்க. மேடைக்கு மூச்சு அடிவயித்துல இருந்து வரணும். வாரத்துல ரெண்டு நாள் விடியக்காலையில பாலாத்து மணலுக்கு போங்க, நண்பர் ஒருத்தரை ஐம்பது அடி தள்ளி நிக்க வெச்சு, கத்தாம, இழுக்காம, ஒவ்வொரு வார்த்தையோட கடைசி எழுத்தும் அவருக்கு கேக்குற மாதிரி பேசிப் பாருங்க, நமக்கு எப்பவும் கடைசி எழுத்து தான் முழுங்கும். தொண்டை கட்டியிருக்கிற அன்னைக்கு பேசாதீங்க, குசுகுசுன்னு பேசுறதும் ஆகாது, அதுவும் தொண்டைய வருத்தும். மூணு வாரத்துக்கு மேல கரகரப்பு போகலன்னா காது மூக்கு தொண்டை டாக்டரை பாத்துடுங்க. கூடவே காதுக்கு ப்ளக் வாங்கிப் போடுங்க, 85 டெசிபலுக்கு மேல நாள் பூரா கேட்டா காது மெல்ல மெல்ல கெடும், வலியே தெரியாம கெடும். ப்ளக் போட்டாலும் டூல் சத்தம் மாறுறது உங்களுக்கு தெரியும். அந்தக் காது இல்லாம பட்டறையும் இல்ல, மேடையும் இல்ல.

வீட்ல அவங்க மொகம் வாடுறதுக்கு நாடகம் காரணமா இல்ல வாரத்துல இருக்கிற ஒரே ஞாயித்துக்கிழமை போகுதேன்னு காரணமான்னு கேட்டீங்களா? கேட்டிருக்க மாட்டீங்கன்னு தோணுது. ஒரு ஞாயித்துக்கிழமை அவங்களையும் பொண்ணையும் ஒத்திகைக்கு கூட்டிக்கினு போங்க, ஓரமா உக்காரட்டும். மாசத்துல ஒரு ஞாயிறு ஒத்திகை வேணாம்னு குழுவுல பேசுங்க, அந்த டெய்லர் வீட்லயும் ஆட்டோக்காரர் வீட்லயும் இதே பிரச்சனை இருக்கும், யாரும் வாய் தொறந்திருக்க மாட்டாங்க.

ரெண்டும் ஒத்துவருமான்னு கேட்டீங்க, வரும் தம்பி, ஒரே ஒரு நாளைத் தவிர. திருவிழா நாடகம் பத்து மணிக்கு மேல தான் ஆரம்பிக்கும், முடிஞ்சு மேக்கப் கலைச்சு வீடு வர விடிஞ்சிடும், ஒடம்பு அசதி தெரியாது, அந்த கைத்தட்டல் சூட்டுல நேரா ஷிப்டுக்கு போயிடலாம்னு தோணும். தூக்கமில்லாத கண்ணோட மிஷின் முன்னாடி நிக்கக் கூடாது. திருவிழா தேதி தெரிஞ்சிருச்சுன்னா நாளைக்கே ஓனர் கிட்ட போய் மறுநாளுக்கு லீவு சொல்லிடுங்க, சொல்லிட்டு எனக்கும் ஒரு வரி எழுதுங்க.