பரணில் ஏற்றி வைத்த டிபன் கேரியர்

மதிப்பிற்குரிய ஆலோசகர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 52. தாம்பரத்தில் கணவருடனும் மகளுடனும் வசிக்கிறேன். நான் பிறந்து வளர்ந்தது திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில். 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பணிமனை பொன்மலைக்கு மாற்றப்பட்டபோது அதனுடன் வந்த தொழிலாளிகளில் என் தாத்தாவும் ஒருவர். அப்பாவும் அங்கேயே ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றார்.

அம்மாவின் கல்யாணச் சீரில் வந்த மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று எங்கள் வீட்டில் உண்டு. மூடியில் அம்மாவின் பெயரின் முன்னெழுத்துகளும் 1968 என்ற ஆண்டும் வெட்டியிருக்கும். பள்ளி விடுமுறை நாட்களில் அதைத் தூக்கிக்கொண்டு பணிமனை வாசலுக்குப் போவது என் வேலை. மதியச் சங்கு ஊதியதும் கிரீஸ் கறை படிந்த கைகளைத் துடைத்துக்கொண்டே அப்பா வெளியே வருவார்.

அம்மா காலமான பிறகு அப்பா என்னுடன் இருந்தார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் சிறுநீரகக் கோளாறால் மருத்துவமனையில் சேர்த்தோம். பதினோரு நாட்களும் அதே கேரியரில்தான் உணவு கொண்டு போனேன். கடைசி நாள் காலையில், "ஒரு வாய் வத்தக்குழம்பு சாதம் கொண்டு வரக் கூடாதாம்மா?" என்று கேட்டார். மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்ததால், "உடம்பு தேறி வீட்டுக்கு வாருங்கள் அப்பா, செய்து தருகிறேன்" என்று சொல்லிக் கஞ்சியை வைத்துவிட்டு வந்தேன். நண்பகலில் அவர் இறந்துவிட்டார். மாலையில் கேரியர் வீடு திரும்பியபோது கஞ்சி அப்படியே இருந்தது.

அன்றே அதைக் கழுவிப் பரணில் ஏற்றிவிட்டேன். வத்தக்குழம்பு செய்வதையும் நிறுத்திவிட்டேன். சென்ற மாதம் என் மகள் வேலைக்குச் சாப்பாடு எடுத்துப் போவதற்காக அந்தக் கேரியரை இறக்கிக் கழுவியிருக்கிறாள். அடுக்குகளைக் கோத்துக் கம்பியை மாட்டும் அந்தச் சத்தம் கேட்டதும் என்னையும் அறியாமல் அவளைக் கடுமையாகத் திட்டிவிட்டேன். அன்றிலிருந்து அவள் வீட்டில் தாத்தாவைப் பற்றிப் பேசுவதே இல்லை. பழைய பாத்திரக் கடையில் போட்டுவிடலாம் என்கிறார் கணவர். வரும் தை மாதம் என் தம்பி மகளுக்குத் திருச்சியில் திருமணம். பொன்மலைப் பக்கம் போக வேண்டுமே என்று இப்போதே நெஞ்சு அடைக்கிறது. இது நோயா, அம்மா? கேரியரைக் கொடுத்துவிடலாமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நோயா என்று கேட்டிருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1688-இல் யோகன்னஸ் ஹோஃபர் என்ற மருத்துவ மாணவர், சொந்த ஊரைப் பிரிந்திருந்த சுவிட்சர்லாந்துக்காரர்களிடம் கண்ட ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே எழுதி, அதற்குப் பெயரும் சூட்டினார். இன்று எந்த மருத்துவரும் அப்படிக் கருதுவதில்லை. ஒரு பொருளோ இடமோ பழைய நாளைக் கொண்டுவந்து நிறுத்துவது நினைவின் இயல்பான வேலை. அந்தச் சத்தத்தில் நீங்கள் நிலைகுலைந்ததும் அந்த வேலையின் ஒரு பகுதிதான்.

நாம் ஒரு செய்தியை மட்டும் தனியே நினைவில் வைப்பதில்லை. அப்போது இருந்த இடம், ஒலி, மணம், உடலின் நிலை எல்லாவற்றையும் அதனோடு சேர்த்தே பதிகிறோம். 1975-இல் பிரிட்டனில் இரண்டு ஆய்வாளர்கள் நீர்மூழ்கும் வீரர்களுக்குச் சொற்பட்டியல்களைக் கரையிலும் நீருக்கடியிலும் கற்பித்தபோது, நீருக்கடியில் கற்றவற்றை நீருக்கடியிலும், கரையில் கற்றவற்றைக் கரையிலும் அவர்களால் கூடுதலாக நினைவுகூர முடிந்தது. மணத்திற்கு இன்னும் நெருக்கமான வழி உண்டு. காட்சியும் ஒலியும் தலாமஸ் என்ற பகுதி வழியாகவே மூளையின் மேற்பகுதிக்குச் செல்கின்றன. மணமோ மூக்கிற்கு மேலுள்ள மோப்பக் குமிழிலிருந்து, உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளுக்கு நேராகவே போய்ச் சேர்கிறது. வத்தக்குழம்பு கொதிக்கும் மணத்தை நீங்கள் அஞ்சுவதில் வியப்பில்லை.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது வேறொன்று. அந்தக் கேரியர் உங்கள் குடும்பத்தில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்திருக்கிறது. அப்பாவின் பணிக்காலம் முழுவதும் அது பணிமனைக்குப் போய் வந்தது. மருத்துவமனைக்குப் போனது பதினோரு நாட்கள் மட்டுமே. இருந்தும் அதன் ஒலி உங்களை அந்தக் கடைசி நாளுக்கு மட்டுமே அழைத்துச் செல்கிறது. அன்று மாலையே அதைப் பரணில் ஏற்றிவிட்டதால், அதற்குப் பிறகு வேறு எந்த நாளும் அதன்மேல் படியவில்லை; பழைய நாட்களும் அதன் வழியே உங்களிடம் வர வாய்ப்புக் கிடைக்கவில்லை. ஒதுக்கி வைப்பது வலியை ஆற்றும் என்று நாம் நம்புகிறோம். பெரும்பாலும் அது வலியை அப்படியே காப்பாற்றித்தான் வைக்கிறது.

இனி, அந்தக் காலையைப் பற்றி. நண்பகலில் நடக்கப்போவது காலையில் உங்களுக்குத் தெரியாது. அவர் தேறி வீடு திரும்புவார் என்று நம்பிய ஒரு மகள், மருத்துவர் சொன்னபடி உப்பைத் தவிர்த்துக் கஞ்சி கொடுத்தாள். நண்பகலுக்குப் பின் தெரிந்ததை வைத்துக்கொண்டு, காலையில் இருந்த அந்த மகளுக்கு நீங்கள் இரண்டு ஆண்டுகளாகத் தண்டனை வழங்கி வருகிறீர்கள். அவர் ஆசைப்பட்டதைக் கொடுக்க முடியவில்லை என்ற வருத்தம் உண்மையானது. அது முழுவதும் போய்விடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வருத்தமும் குற்றமும் ஒன்றல்ல. நீங்கள் சுமப்பது முதலாவதை மட்டும்தான்.

கேரியரை இப்போது கொடுத்துவிடாதீர்கள். பின்னொரு நாள் அமைதியான மனத்தோடு கொடுக்கத் தோன்றினால் அது வேறு. அச்சத்தில் கொடுத்தால், கேரியர் போய்விடும், அந்தக் கடைசி நாள் மட்டும் உங்களிடம் தங்கிவிடும். பரணிலிருந்து இறக்கிச் சமையலறையில் கண்ணில் படும் இடத்தில் சில நாட்கள் வையுங்கள். பிறகு வீட்டில் யாராவது உடன் இருக்கும்போது நீங்களே அடுக்குகளைப் பிரித்துக் கோத்துப் பாருங்கள். எதிர்பாராமல் வந்து தாக்கும் ஒலிக்கும் நம் கைகளே எழுப்பும் ஒலிக்கும் பெரிய வேறுபாடு உண்டு. அழுகை வந்தால் அழுங்கள். மூச்சு முட்டுவதுபோல் இருந்தால் நிறுத்திவிட்டு இன்னொரு நாள் தொடருங்கள். மருத்துவமனை நாள் முதலில் வரத்தான் செய்யும். அதை விரட்டாமல், பணிமனை வாசலில் நின்ற ஒரு நாளையும் உடன் அழையுங்கள். அன்று அடுக்குகளில் என்ன இருந்தது, அப்பா எந்த மரத்தடியில் உட்கார்ந்தார், உங்களுக்கு எந்த அடுக்கிலிருந்து ஒரு வாய் ஊட்டினார் என்று சிறு சிறு விவரங்களாகக் கேட்டுக்கொள்ளுங்கள். (என் பாட்டியின் பாக்குவெட்டியை நெடுநாள் தொடாமல் வைத்திருந்தவள் நான். எடுத்த அன்று அவர் இருமல்தான் முதலில் கேட்டது. சிரிப்புக் கேட்கச் சில வாரங்கள் ஆயின.)

பொன்மலைக்குத் திருமணத்தன்று அவசரமாகப் போகாதீர்கள். இரண்டு நாள் முன்னதாகத் திருச்சி சென்று, ஒரு காலைப்பொழுதில் தம்பியோடு நடந்துவிட்டு வாருங்கள். சங்கொலியை அவரோடு சேர்ந்து கேளுங்கள். உங்களுக்குத் தெரியாத அப்பா ஒருவர் தம்பியின் நினைவில் இருப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் நாள் தவறாமல் ஏக்கம் வாட்டி, வேலையும் உறக்கமும் கெட்டு, வாழ்வே பொருளற்றதாகத் தோன்றினால், அது நீடித்த துயரக் கோளாறாக இருக்கலாம். ஆறு மாதங்களைக் கடந்தும் அன்றாட வாழ்வைக் குலைக்கும் துயரை உலக சுகாதார நிறுவனம் அப்படி வகைப்படுத்துகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

எஞ்சியிருப்பது உங்கள் மகள். தாத்தாவின் பாத்திரத்தில் சாப்பாடு கட்டிக்கொள்ள அந்தப் பெண்ணுக்குத் தோன்றியிருக்கிறது. அவளுக்கும் அவரை இழந்த துயரம் உண்டு. திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, அந்தக் கடைசிக் காலையை அவளிடம் முழுமையாகச் சொல்லுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் சேர்ந்து வத்தக்குழம்பு வையுங்கள். குழம்பு கொதிக்கும் வேளையில், மூடியில் வெட்டியிருக்கும் எழுத்துகள் யாருடையவை என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்